மூன்று இலட்சம் முறை எழுதப்பட்ட பெயர்

உலகில் இதுவரை வெளிவந்த அறிவியல் ஆய்வுக் கட்டுரைகளில், பிற ஆய்வாளர்களால் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது? இந்தக் கேள்வியைக் கல்லூரி மாணவர் ஒருவரிடம் கேட்டால், பெரும்பாலும் ஐன்ஸ்டைனின் பெயரைத்தான் சொல்வார். உயிரியல் படித்தவராக இருந்தால், டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவத்தை 1953இல் வெளியிட்ட வாட்சனையும் கிரிக்கையும் சொல்வார். இரண்டு விடைகளும் தவறு.

அந்தப் பெருமை, பொதுமக்கள் கேள்விப்பட்டிராத ஓர் அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞருக்கு உரியது. அவர் பெயர் ஆலிவர் லோரி. 1951ஆம் ஆண்டில் 'உயிர்வேதியியல் சஞ்சிகை' எனும் அமெரிக்க ஆய்விதழில் அவரும் மூன்று சக ஊழியர்களும் சேர்ந்து எழுதிய பதினொரு பக்கக் கட்டுரை அது. ஒரு திரவத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளப்பது எப்படி? கட்டுரையின் விஷயம் இவ்வளவுதான். 2014ஆம் ஆண்டுக் கணக்கின்படி அது 3 இலட்சத்து 5 ஆயிரம் முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. அந்தக் கட்டுரையைப் பற்றி லோரியிடமே கேட்டபோது, அது அப்படியொன்றும் மகத்தான கட்டுரை அல்ல என்று அவர் சொல்லிவிட்டார்.

மேற்கோள் காட்டுவது தமிழர்களுக்குப் புதிய பழக்கம் அல்ல. பழைய உரையாசிரியர்கள் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறும்போது, தங்களுக்கு முன்னிருந்தோர் கருத்தை எடுத்துக்காட்டி, அதற்கு உடன்பட்டோ மறுத்தோதான் மேலே செல்வார்கள். அறிவியல் கட்டுரைகளும் அப்படியே. இன்னாருடைய முறையைப் பின்பற்றினோம், இன்னாருடைய முடிவோடு மாறுபடுகிறோம் என்று ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல்களை எல்லாம் ஒன்று திரட்டி, யார் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாமே என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வலுப்பெற்றது.

அப்படி அறிவியலையே எண்ணிப் பார்க்கும் எண்ணத்தின் ஒரு வேர் சிங்கப்பூரில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

ராஃபிள்ஸ் கல்லூரியில் அடுக்கிய புத்தகங்கள்

டெரெக் டி சோலா பிரைஸ் எனும் இளம் ஆங்கிலேயர் 1947இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரிக்குக் கணித ஆசிரியராக வந்தார். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். லண்டன் ராயல் கழகத்தின் ஆய்விதழ்த் தொகுதிகள், 1665இல் வெளிவந்த முதல் இதழிலிருந்து வரிசையாக, அப்போது கல்லூரிக்குக் கிடைத்திருந்தன. நூலகக் கட்டடம் தயாராகாத நிலையில், பிரைஸ் அவற்றைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். படுக்கை அருகே சுவரோரமாகக் கால வரிசைப்படி அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

படித்தவர் ஒன்றைக் கவனித்தார். அடுக்குகளின் உயரம் ஒரே சீராகக் கூடவில்லை. தொடக்க கால அடுக்குகள் குட்டையாக இருந்தன. பிறகு உயரம் மளமளவென்று ஏறியது. வங்கியில் போட்ட பணம் வட்டிக்கு வட்டி சேர்ந்து பெருகுவதைப் போன்ற கோடு அது. அறிவியல் இலக்கியம் ஏறத்தாழ 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்துக்கு அந்தச் சுவரோரப் புத்தக அடுக்கே அடிப்படை.

1949இல் ராஃபிள்ஸ் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் பின் சிறிது காலத்தில் பிரைஸ் இங்கிலாந்து திரும்பினார். பிற்காலத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அறிவியல் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கினார். அறிவியலின் வளர்ச்சியை எண்களால் ஆராயும் துறைக்கு அவரை ஒரு தந்தை என்றே சொல்வார்கள். புக்கிட் தீமா வளாகத்தோடு தொடர்புடைய வரலாறுகளில் இது போதிய அளவு பேசப்படாத ஒன்று.

பிரைஸ் அடுக்குகளைப் பார்த்தார். அடுக்குகளுக்குள் இருந்த பெயர்களை எண்ணியவர் வேறொருவர். நியூயார்க்கில் 1925இல் பிறந்த யூஜின் கார்ஃபீல்ட் வேதியியல் படித்தவர். நூலகத் தகவல் துறையில் நாட்டம் கொண்டவர். அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு தீர்ப்பு பின்னர் எந்தெந்த வழக்குகளில் எடுத்துக்காட்டப்பட்டது என்று தேடிப் பார்க்க 'ஷெப்பர்ட்' எனும் அட்டவணையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பயன்படுத்தி வந்தனர். நீதிமன்றத்துக்குப் பயன்படுவது ஆய்வுக்கூடத்துக்கு ஏன் பயன்படக் கூடாது என்று கேட்டார் கார்ஃபீல்ட். 1955இல் 'சயின்ஸ்' இதழில் அதைத் திட்டமாகவே எழுதினார். கையில் பெரிய மூலதனம் இல்லை. நியூ ஜெர்சியில், கோழிக்கொட்டகையாக இருந்து மாற்றியமைக்கப்பட்ட ஓரிடத்தில்தான் அவருடைய தொழில் தொடங்கியது. 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை முறையாக வெளிவரத் தொடங்கியது.

கார்ஃபீல்டின் எண்ணம் ஆய்வாளர்களுக்கு மதிப்பெண் போடுவது அல்ல. தனக்கு வேண்டிய கட்டுரையைத் தேடுபவர் எளிதில் கண்டடைய வேண்டும் என்பதே. ஆனால் பெயர்களை அடுக்கிவிட்டால், யார் முதலில் நிற்கிறார் என்று பார்க்காமல் மனிதர்களால் இருக்க முடியுமா? பார்த்தார்கள். முதலிடத்தில் லோரி நின்றார்.

அந்த நீல நிறம்

லோரி 1910இல் சிக்காகோவில் பிறந்தவர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றவர். போர்க்காலத்தில் நியூயார்க்கில் சத்துணவு ஆய்வில் ஈடுபட்டார். பள்ளிப் பிள்ளைகளின் விரல் நுனியில் குத்தி எடுத்த சில துளி இரத்தத்தைக் கொண்டே, உடம்பில் வைட்டமின் போதிய அளவு இருக்கிறதா என்று கண்டறியும் வேலை அது. பிள்ளைகளிடம் ஊசி குழாய் நிறைய இரத்தம் எடுக்க முடியாது. ஆகவே, கொஞ்சத்திலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளும் வித்தையே அவருடைய வாழ்நாள் துறையாயிற்று. 1947இல் செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறைத் தலைவரானார். பிற்காலத்தில் ஒற்றை நரம்பணுவைப் பிரித்தெடுத்து, அதற்குள் நடக்கும் வேதியியல் மாற்றங்களை அளக்கும் அளவுக்குச் சென்றவர் அவர்.

புரதம் அளப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதிதான். உயிரணுவில் எதை ஆராய்ந்தாலும், 'ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு' என்று சொன்னால்தான் ஒருவர் முடிவை மற்றவர் முடிவோடு ஒப்பிட முடியும். நகைக்கடையில் வேலைப்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் தராசில் வைத்தாக வேண்டும் அல்லவா? உயிர்வேதியியலில் அந்தத் தராசு புரத அளவு.

முறை எளிமையானது. புரதம் கரைந்துள்ள திரவத்தில் காரத்தன்மை கொண்ட செப்புக் கரைசலைச் சேர்க்க வேண்டும். சில நிமிடங்கள் கழித்து ஃபோலின் வினைப்பொருள் எனும் மஞ்சள் நிறத் திரவத்தைக் கலக்க வேண்டும். கலவை நீலமாக மாறும். புரதம் கூடக் கூட நீலமும் அடர்த்தியாகும். ஒளி அளவு காட்டும் கருவியில் வைத்து அந்த அடர்த்தியை எண்ணாகப் படித்துக்கொள்ளலாம். அதுவரை புழக்கத்தில் இருந்த பையூரெட் எனும் செப்பு முறையைவிட இது 100 மடங்கு நுட்பமானது. ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை மைக்ரோகிராம் என்பார்கள். 0.2 மைக்ரோகிராம் புரதத்தையும் இந்த நீலம் காட்டிக்கொடுத்தது.

இதை முழுக்க லோரியின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியுமா? அவரே அப்படிச் சொல்லவில்லை. கட்டுரையின் தொடக்கத்திலேயே 1922ஆம் ஆண்டையும் வூ எனும் பெயரையும் குறிப்பிடுகிறார். ஹ்சியென் வூ சீனாவின் ஃபூஜோ நகரில் பிறந்தவர். ஹார்வர்டில் ஓட்டோ ஃபோலினிடம் பயின்று, பெய்ஜிங் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். ஃபோலினின் வினைப்பொருளைக் கொண்டு புரதத்தை அளக்கலாம் என்று முதலில் சொன்னவர் அவரே. இடையில் செப்பைச் சேர்த்தால் நிறம் கூடுகிறது என்று கண்டவர்களும் உண்டு. எவ்வளவு செப்பு, எவ்வளவு காரம், எத்தனை நிமிடம், எந்தெந்தப் பொருள் கலந்திருந்தால் அளவு கெடும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, யார் செய்தாலும் ஒரே விடை வரும்படி எழுதி வைத்ததே லோரி குழுவின் பணி. சமையற்கலையில் குழம்பைக் கண்டுபிடித்தவர் வேறு, கைப்பக்குவம் இல்லாதவரும் செய்யும்படி அளவுக் குறிப்பு எழுதியவர் வேறு. லோரி இரண்டாம் வகை. உலகமோ இரண்டாம் வகையினருக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறது. மேற்கோள் பட்டியல் அதைத்தான் காட்டுகிறது.

இந்த வியப்பான புகழுக்குக் காரணம் கேட்டவர்களில் பிரைஸும் ஒருவர். சிங்கப்பூரில் புத்தகம் அடுக்கிய அதே பிரைஸ்தான். 1969இல் லோரி அவருக்கு எழுதிய கடிதத்தில் அடக்கமாகவே பதிலளித்தார். மற்ற முறைகளைவிடத் தம்முடையது சற்றே எளிது, சற்றே நுட்பம். இந்தக் காலத்தில் எல்லோரும் புரதம் அளக்கிறார்கள். அதனால் வந்த புகழ் என்பது அதன் சாரம்.

1977இல் கார்ஃபீல்ட் ஒரு புதிய பகுதியைத் தொடங்கினார். அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளின் ஆசிரியர்களை அழைத்து, அந்த ஆய்வு எப்படி நடந்தது, என்ன தடை வந்தது, யார் உதவினார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னார். கட்டுரைகளில் இடம்பெறாத மனிதக் கதை வெளிவர வேண்டும் என்பது அவர் விருப்பம். 1993 வரை ஏறத்தாழ நாலாயிரம் பேர் எழுதினார்கள். லோரியும் 1977இலேயே எழுதினார். மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவர் என்பது மகிழ்ச்சி தருகிறது, ஆனால் அது பெரிய அறிவியல் சாதனைக்கு அடையாளம் அல்ல என்றார். புதிய வழிமுறைகளை உருவாக்குவது பெரும்பாலும் சாதாரண வேலைதான்; அதைவிடப் படைப்பாற்றல் மிக்க ஆய்வு செய்பவர்கள் அந்த வழிமுறைகளைப் பயன்படுத்துகிறார்கள், நன்றி சொல்லக் கடமைப்பட்டதாக நினைக்கிறார்கள் என்று விளக்கினார். தம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த வேறு பல கட்டுரைகளே தமக்கு அதிக மனநிறைவு தருபவை என்றும் சொன்னார். அத்தோடு விட்டுவிடாமல், இந்த வரவேற்பைக் கண்டு உள்ளூர ஒரு குதூகலம் இருக்கத்தான் செய்கிறது என்றும் ஒப்புக்கொண்டார். பெரிய அறிஞர்கள் எல்லோருக்கும் இந்த நேர்மை வாய்ப்பதில்லை.

நாலாயிரம் பேர் எழுதியவற்றில் கசப்பான நினைவுகளும் இருந்தன. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் ஹுவான் மிகேல் கம்பனாரியோ அவற்றில் 205 குறிப்புகளை எடுத்துப் படித்து, 1996இல் முடிவை வெளியிட்டார். அவற்றில் 22 பேர், பிற்காலத்தில் புகழ்பெற்ற அந்த ஆய்வைச் செய்வதற்கோ வெளியிடுவதற்கோ எதிர்ப்பையும் தடையையும் சந்தித்ததாக எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரைகளில் மூன்று, பிற்பாடு தத்தம் இதழ்களிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவை ஆயின.

லோரிக்கு அடுத்த இடங்களில் இருப்போரின் கதையும் இதே வார்ப்புதான். இரண்டாமவர் உல்ரிச் லெம்லி, சுவிட்சர்லாந்துக்காரர். கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1970இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் தலைப்பகுதி எப்படி உருவாகிறது என்பதைப் பற்றியது. புரதங்களைப் பாகுத்தகட்டில் அளவு வாரியாகப் பிரிக்கும் முறையை ஒரு படத்தின் கீழே, குறிப்பாக எழுதியிருந்தார். கட்டுரையைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் வைரஸுக்காக வரவில்லை; படத்தின் கீழே இருந்த அந்தச் சிறு எழுத்துகளுக்காக வந்தார்கள்.

மூன்றாமவர் மரியன் பிராட்ஃபோர்ட். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1976இல் அவர் கண்ட முறையும் புரதம் அளப்பதற்கே. சோப்புத்தன்மை கொண்ட பொருள்களும் ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகச் சேர்க்கும் சில உப்புகளும் கலந்திருந்தால் லோரியின் நீலம் ஏமாற்றிவிடும். நேரமும் பிடிக்கும். பிராட்ஃபோர்ட் பயன்படுத்தியது கம்பளிக்குச் சாயமேற்ற உருவாக்கப்பட்ட 'கூமாசி' நீலம். ஆப்பிரிக்காவின் கானாவில் உள்ள குமாசி நகரைப் பிரிட்டிஷார் 1896இல் கைப்பற்றியபோது, அதன் நினைவாக வணிகர்கள் வைத்த பெயர் அது. ஒரு நகரின் தோல்வி சாயப்புட்டியில் ஏறி, பின்னர் உலகத்தின் ஆய்வுக்கூடம் தோறும் சென்று அமர்ந்துவிட்டது.

ஐன்ஸ்டைனும் வாட்சனும் கிரிக்கும் எங்கே போனார்கள்? 'நேச்சர்' இதழ் 2014 அக்டோபரில் முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலை வெளியிட்டபோது, நூறாவது இடத்துக்கே 12,119 மேற்கோள்கள் தேவைப்பட்டன. டி.என்.ஏ. கட்டுரை அந்த எல்லையைத் தொடவில்லை. காரணம், அவர்களுடைய கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது. பூஜ்யத்தை எழுதும்போது அதை யார் கண்டுபிடித்தார் என்று யாரும் அடிக்குறிப்பு இடுவதில்லை. ஆழமாக வேரோடிய உண்மைக்கு உரிமையாளர் பெயர் மறைந்துவிடுகிறது. சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்டன் இதை 1960களிலேயே சுட்டிக்காட்டினார். வழிமுறைக் கட்டுரைக்கோ அந்த நிலை எளிதில் வருவதில்லை. எந்த முறையில் அளந்தோம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியே ஆக வேண்டும். சொல்லச் சொல்லப் பெயர் இன்னும் பரவும். பணம் பணத்தோடு சேரும் என்பார்களே, மேற்கோளும் அப்படித்தான் சேர்கிறது என்று பிரைஸ் 1976இல் கணக்குப் போட்டே காட்டினார்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த 2014ஆம் ஆண்டுக் கணக்கில் இருந்தவை மொத்தம் சுமார் 5 கோடியே 80 இலட்சம் ஆக்கங்கள். ஆயிரம் மேற்கோள்களைத் தாண்டியவை 14,499 மட்டுமே. ஏறத்தாழ பாதி ஆக்கங்கள் ஒரே ஒரு முறை மேற்கோள் காட்டப்பட்டவை, அல்லது அதுவும் இல்லாதவை.

எண்ணுக்கு வந்த அதிகாரம்

இது வெறும் சுவையான தகவலாக நின்றிருந்தால் கவலை இல்லை. ஆனால் எண்ணுக்கு அதிகாரம் வந்துவிட்டது. 1975 முதல் ஆய்விதழ்களுக்கே 'தாக்கக் காரணி' எனும் மதிப்பெண் ஆண்டுதோறும் வெளியாயிற்று. எந்த இதழை வாங்குவது என்று நூலகங்கள் முடிவெடுக்க உதவிய எண், நாளடைவில் யாருக்கு வேலை கொடுப்பது, யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு ஆய்வு நிதி என்று முடிவெடுக்கும் எண்ணாகிவிட்டது. பிள்ளைகளை எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பது என்று பெற்றோர் புரட்டிப் பார்க்கும் உலகத் தரவரிசைகளிலும் மேற்கோள்களுக்கு மதிப்பெண் உண்டு. கார்ஃபீல்டே பிற்காலத்தில் சங்கடப்பட்டார். 2005இல் அவர் இதை அணுசக்தியோடு ஒப்பிட்டு, நன்மையும் தீமையும் கலந்த வரம் என்று எழுதினார். 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்கள், இதழின் மதிப்பெண்ணை வைத்துத் தனி மனிதரின் ஆய்வை எடைபோடாதீர்கள் என்று பிரகடனமே வெளியிட்டார்கள். கார்ஃபீல்ட் 2017இல் காலமானார்.

எண் எதை மறைக்கிறது என்பதற்கும் லோரியின் கட்டுரையே சான்று. அதை எழுதியவர்கள் நால்வர். நைரா ரோஸ்புரோ, லூயிஸ் ஃபார், ரோஸ் ராண்டல் ஆகியோர் மற்ற மூவர். மூன்று இலட்சம் தடவையும் அவர்களும்தான் மேற்கோள் காட்டப்பட்டார்கள். ஆனால் ஆய்வுக்கூடங்களில் அது 'லோரி முறை' என்றே வழங்குகிறது. கட்டுரைகளின் நடுவே 'லோரி மற்றும் பிறர்' என்று வருகிறது. குடுவைகளில் நீலம் வருகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக் குறித்த கைகள் அந்தப் 'பிறர்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டன. ஹ்சியென் வூவுக்கு அந்தச் சொல்லில்கூட இடமில்லை.

லோரி 1990இல் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மேதையாக இல்லாமலே ஆய்வில் வெற்றி பெறுவது எப்படி என்பது அதன் தலைப்பு. எண்பது வயதிலும் அவர் தம்மை அப்படித்தான் மதிப்பிட்டுக்கொண்டார். 1996 ஜூன் மாதம் செயிண்ட் லூயிஸில் காலமானார்.

2025இல் 'நேச்சர்' மீண்டும் கணக்கெடுத்தது. இந்த நூற்றாண்டின் கட்டுரைகளில் முதலிடம் பெற்றது, கணினிக்குப் படங்களை அடையாளம் காணக் கற்றுத்தரும் முறை பற்றிய 2016ஆம் ஆண்டுக் கட்டுரை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் கைமிங் ஹேயும் மூன்று சகாக்களும் எழுதியது. அதே பட்டியலின் முன்வரிசையில் 2001ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும் இருந்தது. மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிட, அமெரிக்க மருந்தியல் அறிஞர் தாமஸ் ஷ்மிட்ஜென் ஒரு கருவி நிறுவனத்தின் பயனர் கையேட்டில் இருந்த வாய்பாட்டைப் பயன்படுத்தினார். கையேட்டை மேற்கோள் காட்டக் கூடாது, கட்டுரை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உடனே அந்த வாய்பாட்டை உருவாக்கிய கென்னத் லிவாக்கைத் தொடர்பு கொண்டார். மேற்கோள் காட்டுவதற்கு ஒன்று வேண்டுமே என்பதற்காகவே இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள்.

எல்லாக் காலத்துக்குமான பட்டியலில் அந்த ஆண்டும் 1951ஆம் ஆண்டின் நீல நிறமே முதலிடத்தில் இருந்தது.